கலங்கிய தண்ணீரில் பச்சைத் தேயிலை

1

தங்கச்சி செல்வமணியின் குரல்செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். “அக்கா, நேத்துலருந்து மழை விட்டபாடில்ல. சும்மாதான் சொல்றேன். நீ யோசிக்காத.” அவ்வளவுதான் செய்தி.

எங்கள் மலையகத்துப் பொகவந்தலாவையில் மழை பெய்வதைப் பெரிய விஷயமாக எழுத வந்துவிட்டாள் என்று ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் ஊற்றிக்கொண்டிருந்ததையே மறந்துவிட்டேன். வெந்நீர் கிளாசுக்கு வெளியே வழிந்து மேசை எல்லாம் ஓடியது. கடை முதலாளி மிஸ் லின் வந்து கேத்தலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தார். “உங்கள் ஊரில் மழையா?” என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரியும். போன வருஷம் நான் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருந்தேன்.

இன்று உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வருஷமாக எழுத முயன்று முடியாமல் போனது இது.

2

டொரொன்டோவில் நான் வேலை செய்வது ஒரு சீனத் தேயிலைக் கடையில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைவீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், கடல் கடந்து வந்தும் தேயிலையிடமே வந்து சேர்ந்தேன் என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் நான் ஊரில் இருந்தவரை நல்ல தேயிலை குடித்ததே இல்லை. நல்லதெல்லாம் பெட்டியில் போய்விடும். எங்களுக்கு வந்தது தூள்தான். அதைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம்.

மிஸ் லின்னின் சொந்த மாகாணம் ஹூபே. அங்கே என்ஷி என்ற மலைப்பகுதியில் ஒரு பச்சைத் தேயிலை செய்கிறார்கள். சீனாவில் பெரும்பாலான பச்சைத் தேயிலையைச் சட்டியில் வறுத்துத்தான் வாட்டுவார்கள். இதை மட்டும் பழைய முறைப்படி ஆவியில் அவிக்கிறார்கள், நாம் இடியப்பம் அவிக்கிற மாதிரி. பிறகு உருட்டி உருட்டி, பைன் மர இலைபோல மெல்லிய ஊசியாக்கிக் காயவைக்கிறார்கள். பெயர் யூலு. பச்சைக்கல்லின் பனி என்று அர்த்தமாம்.

இதை ஊற்றப் பழக எனக்கு நிறைய நாள் பிடித்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் இலை கருகிக் கசந்துவிடும். தண்ணீர் கொதித்து, ஆறி, ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகு ஊற்ற வேண்டும். இலை நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரிய வேண்டும். நிறம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இளம்பச்சையின் சாயல் மட்டும். முதல் மிடறில் கீரை அவித்த வாசம், பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு இனிப்பு.

“இந்தத் தேயிலைக்குப் பின்னால் எதுவும் ஒளிய முடியாது,” என்று மிஸ் லின் சொல்லுவார். “தண்ணீர் சரியில்லை என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.” அதை நான் வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

3

போன வருஷம் நானும் மகள் மாயாவும் ஊருக்குப் போனோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாயாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்து, ஹட்டன் டவுனில் பெட்டியாகப் போத்தல் தண்ணீர் வாங்கி வாடகைக்கு எடுத்த வானில் ஏற்றிக்கொண்டு போனோம். தங்கச்சி வீட்டுக்கு முன்னால் அதை இறக்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நாங்கள் வளர்ந்ததே அந்த லயத்துப் பீலியில் வரும் தண்ணீரில். மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருப்பார்கள், கோடையிலும் வற்றாது.

தங்கச்சி கொழுந்து எடுக்கிறவள். அவள் கணவர் சிவலிங்கம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில் வேலை. ஸ்டோரில் பச்சைத் தேயிலையும் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டதால், “மதினி, அந்தச் சீனாக்காரன் அவிக்கிற தேயில கொஞ்சம் கொண்டுவாங்க, ருசி பாப்போம்,” என்று கேட்டிருந்தார். ஒரு சின்ன டப்பா கொண்டு போயிருந்தேன்.

நாங்கள் போன நாளிலிருந்தே மழை. நான்காம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டப்பாவைத் திறந்தேன். அன்று பின்னேரமே எங்களை ஹட்டனுக்குக் கூட்டிப்போக வான் வர இருந்தது. அதற்குள் ஊற்றிக் காட்டிவிட வேண்டும். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஆற்றினேன். செல்வமணி சிரித்தாள்.

“கொதிச்ச தண்ணிய ஏன்க்கா ஆத்துற? பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா?”

அவளுடைய ஆறு வயது மகள் நிலா, ஊசி இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குசினியில் அடுப்புப் புகை அடைத்து, பாத்திரத்தில் இருந்த தண்ணீரின் நிறம்கூடத் தெரியாத இருட்டு. கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். “அது காலையிலருந்தே மக்கர் பண்ணுதுக்கா. திறந்தா மூடாது, மூடுனா திறக்காது. மழைக்கு மரம் ஊதிக்கிச்சு,” என்றாள்.

தண்ணீரை ஊற்றினேன். இலைகள் இறங்கின. கிளாசைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். அந்தப் பக்கம் மாயாவின் முகம் தெரியவில்லை. கலங்கலாக, பழுப்பாக, சாக்குத் துணி நனைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை பெருமை பேசியிருந்தேன். டப்பாவில் ஈரம் இறங்கிவிட்டதோ, இலை பழசோ என்று நினைத்தேன். சிவலிங்கம் ஸ்டோரில் பார்த்த பழக்கத்தில் ஒரு கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் உருட்டி, முன்திண்ணையான இஸ்தோப்புக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“மண்ணு ருசிக்குது மதினி. இலையோட ருசி இல்ல இது.”

“பாத்திரம் சரியாக் கழுவலயோ என்னமோ,” என்றேன். செல்வமணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேத்தலை மறுபடி விளக்கி, பீலிக்குப் போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தாள். இரண்டாவது கிளாஸ் முதல் கிளாசை விட மோசம். அடியில் ஒரு விரல் நகம் அளவுக்குச் சேறு தங்கியது.

அப்போது மாயாதான் அலுப்போடு தன் போத்தலை நீட்டினாள். “இதில் ஊற்றிப் பாருங்களேன் அம்மா,” என்றாள் ஆங்கிலத்தில்.

அதே இலை, அதே கேத்தல், போத்தல் தண்ணீர். கிளாசில் இளம்பச்சை ஏறியது. அந்தப் பக்கம் நிலா நாக்கை நீட்டிக் காட்டியது தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு கிளாசும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சிவலிங்கம்தான் மெதுவாகச் சொன்னார். “மழைக்கு ஆறு கலங்கும், கானுல ஓடுற தண்ணி கலங்கும். நம்ம பீலி கலங்காதே. அது பாறைக்கு உள்ள இருந்து வர்ற தண்ணியில்லயா.”

சொல்லிவிட்டுக் குசினிக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மரம் ஊதியிருக்கவில்லை. கதவு நிலையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

மலையில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மலை நகர ஆரம்பித்திருந்தது. லயத்துக்குப் பின்னால் நின்றிருந்த அந்த மலையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக அதன் பக்கம் முகத்தைத் திருப்பப் பயந்தேன்.

4

சிவலிங்கம் மழைக்குள் பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கக்கூசுக்கு மேலே நிலம் வாய் பிளந்திருக்கிறது, கையை உள்ளே விட்டால் முழங்கை வரை போகிறது என்றார்.

செல்வமணியின் கைபேசியில் கிராம சேவகரின் நம்பர் இருந்தது. அவள் நிலாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் நான்தான் வாங்கி எடுத்தேன். சிங்களம் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இளைஞர் குரல் ஒன்று “ஹலோ” என்றது. நான் அவசரத்தில், பீலியில் தண்ணீர் கலங்கிவிட்டது என்று சொல்ல நினைத்து, “வத்துர பொரு வெலா,” என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அவர், “பொருத, நோனா?” என்றார்.

நான் மறுபடியும், இன்னும் சத்தமாக, அதையே சொன்னேன். அவர் கோபப்பட்டார். நாலு பக்கமும் மண் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் விளையாடாதீர்கள், போனை வையுங்கள் என்றார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. செல்வமணி பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

“பொரு நெவெய் சேர், பொர. பீல்லே வத்துர பொர வெலா.”

சிங்களத்தில் பொர என்றால் கலங்கல். பொரு என்றால் பொய். தண்ணீர் பொய்யாகிவிட்டது, தண்ணீர் பொய்யாகிவிட்டது என்று ஒரு அதிகாரியிடம் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே வந்து ஆங்கிலத்தில் எத்தனையோ தரம் தடுமாறி அசடு வழிந்திருக்கிறேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், மாயாவின் பள்ளிக்கூடத்தில். ஒரு எழுத்து பிசகினால் ஆள் செத்துப்போகலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பையனின் குரல் மாறிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், நான் வருகிறேன் என்றார்.

லயத்தில் பன்னிரண்டு காம்பரா. சிவலிங்கமும் செல்வமணியும் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். பெரும்பாலானவர்கள் பிளவைப் போய்ப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். கடைசிக் காம்பரா ராமையா அண்ணன் மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி பீடியை அணைக்காமல் பார்த்தார். மனைவி இறந்த பிறகு இரண்டு பசுக்களோடு தனியாக இருப்பவர். மாட்டுப்பட்டி லயத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது.

“கனடாவுலருந்து வந்து ஒரு கோப்ப தேத்தண்ணி ஊத்துச்சாம், அதப் பாத்து லயத்தையே காலி பண்றாங்களாம்,” என்றார். “மாட்டை எங்க கொண்டுபோய்க் கட்டுறது? பள்ளிக்கூடத்துலயா? நீங்க போங்க தாயி. நான் வாரேன்.”

“இப்பவே வாங்க அண்ணே,” என்று செல்வமணி கெஞ்சினாள்.

“வாரேன்னு சொன்னேன்ல.”

எங்களைக் கூட்டிப்போக வந்த நஸீர் நானாவின் வான் அந்த நேரம் ஏறி வந்தது. பொகவந்தலாவை பசாரில் கடை வைத்திருப்பவர். கண்ணாடியை இறக்கி, “மேல் ரோட்டுல கல்லு உருண்டு கெடக்கு, வெரசா ஏறுங்க, இருட்டுறதுக்குள்ள ஹட்டன் போயிரணும்,” என்றவர், நனைந்தபடி நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். செல்வமணி சொல்லி முடிப்பதற்குள் வானின் பின்கதவைத் திறந்துவிட்டார். “பிள்ளைகளும் நடக்க ஏலாதவங்களும் முதல்ல. ஹட்டன் எங்கயும் ஓடிறாது.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு இருந்த ஒரே எண்ணம், மாயாவை அந்த வானில் ஏற்றி, பள்ளிக்கூடத்தில் நிற்காமல் நேராக ஹட்டனுக்கு, அங்கிருந்து விமான நிலையத்துக்கு, அந்த மலை கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான். மாயாவை உள்ளே தள்ளினேன். அவள் ஏறி உட்கார்ந்து நிலாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். “அம்மா, நாம் இங்கே செத்துப்போகப் போகிறோமா?”

கதவை மூடிவிட்டு, மற்றவர்களோடு நடந்தேன்.

5

பள்ளிக்கூடம் எதிர்ச்சரிவில் இருக்கிறது. நஸீர் நானா மூன்று நடை போய் வந்தார். கடைசி நடையில் தன் கடையிலிருந்து பாண் ரொட்டியும் மெழுகுதிரியும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பாவாடையை இடுக்கி ஈரம் பிழிந்துகொண்டிருந்த பெண்களைப் பார்க்காமல் தள்ளி நின்றார். வகுப்பறையில் எல்லோரையும் பார்த்தபோது ராமையா அண்ணன் இல்லை.

சிவலிங்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். செல்வமணி வாசலில் மறித்தாள். “நீங்க போகக் கூடாது. நிலாவ நெனைங்க.”

“கூப்பிட்டாத்தான் வருவாரு. நான் கூப்பிடலன்னா யாரு கூப்பிடுவா?”

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், விளக்கு வைக்கிற பொழுதில், அது நடந்தது. இடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இடி முடிந்துவிடும். இது முடியவில்லை. கல் நிரப்பிய ரயில் ஒன்று எங்கள் காலுக்கு அடியில் போவது போல நீண்டுகொண்டே போனது. ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. மழை மறைத்ததால் எதிர்ச்சரிவு தெரியவில்லை. பிறகு ஒரு வாடை வந்தது. பச்சை மண், முறிந்த மரம், கொழுந்து எல்லாம் கலந்த வாடை. அந்த மத்தியானம் கிளாசில் சிவலிங்கம் ருசி பார்த்துத் துப்பியது இதைத்தான்.

செல்வமணி அழவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் போய்விடும் என்பது போல. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு கல்லாக இருந்தது. எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: இந்தத் தேயிலையை நான் கொண்டு வராமல் இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்திருப்போம். கொண்டு வந்ததால் சிவலிங்கம் மட்டும் உள்ளே.

கிராம சேவகர் வந்து சேர்ந்தார். நான் பொய் என்று கத்திய அதே பையன், முழங்கால் வரை சேறு. நஸீர் நானாவும் அவரும் இன்னும் சில ஆண்களும் டோர்ச் எடுத்துக்கொண்டு போனார்கள். மாயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிலாவுக்கு அங்கே சித்தப்பா, பெரியப்பா என்று யாரும் இல்லை. அந்தப் பிள்ளை “அப்பா எங்க?” என்று மாயாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மாயா தன் உடைந்த தமிழில், “வரும், அப்பா வரும்,” என்று சொன்னாள். அப்பா வருவார் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வந்தார்கள். தேயிலை மலைக்குள் சுற்றுப்பாதையில், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு. மண் விழுந்தபோது சிவலிங்கம் ராமையா அண்ணனை இழுத்துக்கொண்டு லயத்தின் மறுமுனைக்கு வந்திருந்தார். பாதை அறுந்துபோனதால் மேலே ஏறிச் சுற்றி வர வேண்டியதாயிற்று. ராமையா அண்ணன் சிவலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வகுப்பறைக்குள் வந்த பிறகும் விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

“லட்சுமி கயித்த அறுத்துக்கிட்டு என்னையப் பாத்துச்சு,” என்றார் யாரிடமும் இல்லாமல். “கத்தக்கூட இல்ல.” அது அவருடைய மூத்த பசு.

செல்வமணி எழுந்து போய்க் கணவரின் முகத்தில் இருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அவர் கன்னத்தில் ஒரு அறை அறைந்தாள். பிறகுதான் அழுதாள்.

6

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தோம். மேல்முனையில் நாலு காம்பரா இல்லை. செல்வமணியின் வீட்டில் குசினி போய்விட்டது, முன்னறை பாதி நின்றது. மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் செம்மண் மட்டும்.

தேத்தண்ணி காப்பாத்துச்சு என்று சிலர் என் கையைப் பிடித்தார்கள். எனக்கு அது கேட்கவே பிடிக்கவில்லை. நான் பாத்திரத்தைக் குறை சொன்னவள். மாயா போத்தலை நீட்டியிருக்காவிட்டால் மூன்றாவது கிளாசுக்குக் கேத்தலை இன்னொரு தரம் விளக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். மண்ணை அளந்தார்கள். குடியிருக்க உகந்ததல்ல என்று சுவரில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் என்று அத்தாட்சி வாங்க செல்வமணி மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினாள். வீடு உன் பெயரில் இல்லை, தோட்டத்தின் பெயரில்தானே இருக்கிறது, உனக்கு எப்படி வீடு இழந்தவர் என்று எழுதுவது என்று ஒரு இடத்தில் கேட்டார்களாம். புது இடத்தில் காணி தருவதாகச் சொன்னார்கள். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்பதால் எல்லோரையும் கீழ்லயத்துக்கு மாற்றினார்கள். அதுவும் அதே மலையின் அடியில்தான். கொஞ்சம் தள்ளி, அவ்வளவே.

நான் இங்கே வந்து அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமா என்று அலைந்தேன். தங்கச்சி குடும்பம் அந்த வகையில் வராது என்றார் வழக்கறிஞர். சுற்றுலா விசாவுக்குப் போட்டோம். திரும்பிப் போவார்கள் என்பதற்குப் போதிய காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வீடு இல்லாதவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள் என்று எதைக் காட்டி நம்பவைப்பது?

மாயா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவோடு போனில் பேசுகிறாள். ஒருத்தி ஆங்கிலம், ஒருத்தி தமிழ். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தம் பின்னால் கேட்டால் மட்டும் மாயா போனைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள்.

அந்தக் குரல்செய்தி வந்த நாள், கடை மூடியதும் செல்வமணியைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. அவள் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்பிக்கொண்டிருந்தாள். மழை எப்படி, பின்பக்கம் பார்த்தாயா, கதவு மூடுகிறதா, ஹட்டனில் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“ஹட்டன்ல உக்காந்துக்கிட்டா பேரு விழுமாக்கா?” என்றாள். பேர் பதிந்தால்தான் அன்றைய கூலி.

“உனக்குப் பயமே இல்லயா செல்வி?”

போனில் மழைதான் கேட்டது. தகரத்தில் விழுகிற மழை. அதற்குள் யாரோ அவளை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

“பயந்தா எங்கக்கா போறது? எனக்கும் சேத்து நீயே பயந்துக்க. நான் பெரட்டுக்குப் போகணும், நேரமாச்சு.”

வைத்துவிட்டாள். அவள் சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.